என் வாயில் பேசியவர்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. இந்தப் பத்திரிகையில் என் தாள்களைப் படித்துத் திருத்துகிற அம்மாவை நான் பார்த்ததில்லை. போன வாரம் போனில் கூப்பிட்டார்.

“சார், மூணாவது பக்கத்துக் கடைசியில இருக்கறது எழுத்தா, டீ சிந்தினதா?”

“டீதாங்க.”

“சரி, அப்ப விட்டுடறேன்” என்றார். அவருக்கு என் நன்றி.

நாடகக் கொட்டகையில் திரை இழுத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். இந்த வாரம் ஒரு பெஞ்சிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கிழிந்த ரெக்சின்

சென்னையில் வடபழனிக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டாவது மாடியில் ஒரு டப்பிங் தியேட்டர். வெளியே நடையில் ஒரு பெஞ்சு. ரெக்சின் கிழிந்து, உள்ளிருந்த மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்த்தது. காலை எட்டரை மணி. ஆரணியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெஞ்சின் மறுமுனையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அந்த வெயில் காலத்திலும் கழுத்தில் மப்ளர். மடியில் ஒரு பிளாஸ்க். மூடியில் வெந்நீர் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தார். மிளகு வாசனை வந்தது.

“நீங்க முனிரத்தினம்தானே?” என்று கேட்டார்.

அந்தக் குரலை நான் பல வருடமாகக் கேட்டிருக்கிறேன். அது என் குரல். அதாவது, சினிமாவில் என் வாயிலிருந்து வருகிற குரல்.

“ஆமாங்க” என்றேன். என் சொந்தக் குரல் அதன் பக்கத்தில் சன்னமாக, கீச்சென்று இருந்தது.

“நான் ஜெயபால். பத்துப் பன்னிரண்டு படத்துல உங்களுக்குப் பேசியிருக்கேன். இப்பதான் ஆளை நேர்ல பாக்கறேன்.” சொல்லிவிட்டுக் குனிந்து என் முகத்தை, முக்கியமாக வாயை, பார்த்தார். “அதே வாய்தான்.”

நான் கையால் வாயை மூடிக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“உங்க வீட்டம்மாகூட உங்க வாயை என் அளவுக்குப் பாத்திருக்க மாட்டாங்கண்ணே. ஒரு வசனம் முடிஞ்சுதுன்னா சும்மா இருக்க மாட்டீங்க. இன்னொரு தரம் திறந்து மூடுவீங்க. அந்த இடத்தை நிரப்ப நான் எத்தனை ‘ம்’ போட்டிருக்கேன் தெரியுமா? ஒரு படத்துல இருமிக்கூட வச்சேன்.”

அந்த இருமல் எனக்கு ஞாபகம் இருந்தது. தியேட்டரில் அதைக் கேட்டபோது, எனக்கு எதற்கு இருமல் என்று யோசித்திருக்கிறேன்.

“இன்னிக்கு யாருக்குப் பேசறீங்க?” என்று கேட்டேன்.

அவர் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். “உங்களுக்குத்தான். டைரக்டர் அம்மா நீங்களே பேசணும்ங்கறாங்க. மேனேஜர், ஒரு மணிக்குள்ள முடியலேன்னா என்னை வச்சு முடிச்சுடுங்கறாரு. நீங்க சரியா பண்ணிட்டா நான் வந்த வழியே கிளம்பிடுவேன்.”

இதை ஒளிக்காமல் சொன்னார். அதனாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பயமும் வந்தது.

துண்டு துண்டாக உள்ளே போனவன்

சினிமாவுக்குள் நான் முழு ஆளாகப் போகவில்லை.

முதலில் என் கை மட்டும் போனது. ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில், நெசவாளர்கள் இருக்கிற எங்கள் தெருவுக்குப் படம் எடுக்க வந்தார்கள். கதாநாயகன் பட்டு நெய்கிறவன். நடிக்க வந்தவருக்குத் தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை வீசத் தெரியவில்லை. நூல் அறுந்துகொண்டே இருந்தது. “யாராவது வந்து கையை மட்டும் குடுங்கப்பா” என்றார்கள். என் கையில் இருந்த முடியை மழித்து, மாவு பூசி, அவருடைய மோதிரத்தைப் போட்டு எடுத்தார்கள். படம் வந்தபோது தெருவே போய்ப் பார்த்தது. “அதோ ரத்தினம் கை, அதோ ரத்தினம் கை” என்று கத்தினார்கள்.

அடுத்து முதுகு. ஒரு கூட்டக் காட்சியில் கதாநாயகியின் அப்பாவாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. அவர் சட்டையை எனக்குப் போட்டு, முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள்.

மூன்றாவதாகத்தான் முகம். போலீஸ்காரன். கதாநாயகனைப் பார்த்து, “ஏய், வண்டியை நிறுத்து, லைசென்ஸ் எடு” என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரே டேக்கில் சரி என்றார்கள்.

என் மனைவி கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு ஆரணியில் அந்தப் படத்துக்குப் போனேன். திரையில் நான் வந்தேன். கையை நீட்டினேன். வாயைத் திறந்தேன். இடி இடிப்பது மாதிரி வேறு யாரோ பேசினார்கள்.

கஸ்தூரி திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“இன்னாங்க, அன்னிக்கு உங்களுக்கு சளியா?” என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். படம் எடுக்கிற இடத்தில் நாய் குரைக்கும், லாரி போகும். அதனால் அங்கே பேசியதை அப்படியே வைப்பதில்லை. பிறகு ஒரு மூடிய அறையில் படத்தைத் திரையில் போட்டு, உதட்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்பப் பேசுவார்கள். பெரிய நடிகர்கள் தாங்களே வந்து பேசுவார்கள். என்னைப் போன்றவர்களை ஆரணியிலிருந்து யார் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்? ஜெயபால் மாதிரி ஒருவர் அரை மணி நேரத்தில் எனக்கு, தபால்காரருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் சேர்த்துப் பேசிவிடுவார்.

யாரும் எனக்குத் துரோகம் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்திலும் என் வாய் திறக்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

நடையை வாங்குவது

“உங்களுக்கு எப்படி எல்லா வேஷமும் பொருந்துகிறது?” என்று வாசகர் ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். டாக்டர், குருக்கள், மந்திரியின் மச்சான், டீ மாஸ்டர், நீதிபதி, பிணம் எல்லாம் செய்திருக்கிறேன்.

படித்தவர்கள் வசனத் தாளைப் படித்து அந்த ஆளைப் பிடிப்பார்கள். எனக்கு ஒரு பக்கம் படிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதனால் நான் காலிலிருந்து பிடிப்பேன். யாருடைய நடையையாவது கடன் வாங்குவேன்.

டாக்டர் வேஷத்துக்கு ஆரணி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். டாக்டர்கள் நேராக நடப்பதில்லை. பின்னால் யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்று கழுத்தைக் கொஞ்சம் திருப்பியே நடக்கிறார்கள். குருக்களுக்கு, வெயிலில் காய்ந்த கோயில் கல்லை மிதிக்கிற நடை. பணக்காரர் வேஷத்துக்கு எங்கள் ஊர் ரைஸ் மில் முதலாளி ஒருவர். அவர் காலைத் தூக்கி, தரை எங்கேயும் ஓடிவிடாது என்று ஒரு நொடி காத்திருந்து, பிறகு வைப்பார்.

நடை வந்துவிட்டால் முகம் தானாக வரும். ஆனால் குரல் எங்கே வரும்? அதற்குத்தான் வேறு ஆள் இருந்தாரே.

பிணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சினிமாவில் செத்தவனாகப் படுத்து எழுந்தால், திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். உடைத்த பிறகு காமிராவைப் பார்த்து ஒரு தரம் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். உயிரோடு இருக்கிறான் என்று காமிராவுக்குச் சொல்கிற வழக்கம் அது. எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வரவில்லை. மாலையும் மூக்கில் பஞ்சுமாக முழித்துக்கொண்டு நின்றேன்.

“சிரிங்க சார், ஜல்தி, வெளிச்சம் போவுது!” என்று காமிராமேன் கத்தினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கஸ்தூரி, “கல்யாண போட்டோலயும் அப்படித்தான நின்னுகினு இருந்தீங்க” என்றாள். அப்போது சிரிப்பு வந்தது. காமிரா இல்லை.

ஒன்றரைப் பக்கம்

இயக்குநர் யாழினிக்கு முப்பது வயது இருக்கலாம். அவருடைய முதல் படம். அவர் வீடு தேடி வந்தபோது நான் தறியில் இருந்தேன். எழுந்திருக்க விடவில்லை. எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“ஒரு அப்பா சார். பொண்ணு வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டா. ஒரு வருஷம் கழிச்சு அவ வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு. ஒன்றரைப் பக்கம் பேசறாரு. படத்தோட உயிரே அந்த இடம்தான்.”

“ஒன்றரைப் பக்கமா?” என்றேன். அதுவரை எனக்குக் கிடைத்த நீளமான வசனம் நான்கு வரி.

“உங்க ஊர்ப் பேச்சுலயே பேசுங்க. நீங்கதான் பேசணும். டப்பிங்லயும் நீங்கதான்.”

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். வெளி ஆட்களிடம் எனக்காகப் பேசுவது எப்போதும் அவள்தான்.

“அவரு பேசுவாரும்மா” என்றாள் கஸ்தூரி. “எங்கிட்ட நல்லாத்தான் பேசறாரு.”

நான் வசனம் பாடம் பண்ணுகிற விதம் இது. கஸ்தூரி பத்தாவது வரை படித்தவள். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே தாளைப் பார்த்துப் படிப்பாள். கொலைகாரன் வசனமாக இருந்தாலும் ரேஷன் கடைப் பட்டியல் மாதிரிதான் படிப்பாள். “உன்னை வெட்டிப் போட்டுடுவேன் டா. அப்புறம், உன் குடும்பத்தையும்.” அவ்வளவுதான் ஏற்ற இறக்கம்.

நான் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் ஒரு துண்டு சொல்வாள். நான் அதைச் சொல்லிக்கொண்டே, குழிக்குள் தொங்குகிற மிதியை அழுத்தி நாடாவை வீசுவேன். ஒரு வீச்சுக்கு ஒரு துண்டு. இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. அரை முழம் நெய்வதற்குள் வசனம் உடம்பில் ஏறிவிடும்.

படப்பிடிப்பு ஆரணியிலேயே ஒரு தெருவில் நடந்தது. இரண்டு பக்கமும் பவர்லூம். கேட்டுக்கொண்டதற்காக ஒரு டேக் வரைக்கும் நிறுத்தினார்கள். அது சரியாக வரவில்லை. அதற்குமேல் நிறுத்த முடியாது என்றார்கள். அவர்களுக்கும் கல்யாண சீசன் வேலை. அத்தனை தறியும் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில்தான் நான் ஒன்றரைப் பக்கத்தையும் பேசினேன். என் எதிரில் நின்ற பெண்ணுக்கே பாதி காதில் விழவில்லை. என் உதட்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

அப்படித்தான் நான் அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன்.

யார் தட்டுவது?

உள்ளே கூப்பிட்டார்கள். குளிர். சுவரெல்லாம் துணி ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர், யாழினி, மேனேஜர். காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் கொடுத்தார்கள். திரையில் நான் மகள் வீட்டுப் பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் துண்டை ஓட்டினார்கள். நான் பேசினேன்.

“நான் சண்டைக்கு வர்லம்மா. கூட்டிகினு போவவும் வர்ல. பஸ் இந்தப் பக்கமா வந்துச்சு. எறங்கினேன்.”

யாழினி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைக் காட்டினார். இன்ஜினியர் காட்டவில்லை.

“தட்டற சத்தம் வருது” என்றார். “இன்னொரு தரம்.”

இன்னொரு தரம் பேசினேன். மறுபடி சத்தம். ‘டொக்... டொக்’ என்று.

ஏ.சி.யை நிறுத்தினார்கள். மைக்கை மாற்றினார்கள். கீழ்த் தளத்தில் ஆசாரி வேலை நடக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். நானும் சேர்ந்து தேடினேன். சுவரில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். நாங்கள் தேடுகிறபோது சத்தம் இல்லை. நான் மைக் முன்னால் நின்று பேசினால் மட்டும் வந்தது. பத்து மணி ஆகிவிட்டது.

“பேஜாரா கீதே” என்று நானே சொன்னேன். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் மணியைப் பார்த்தார்.

அவர் கதவைத் திறந்து ஜெயபாலைக் கூப்பிட்டார். ஜெயபால் பிளாஸ்க்கோடு வந்து ஓரத்தில் நின்றார். “ஒரு தரம் பேசுங்கண்ணே, நான் பாக்கறேன்” என்றார். பேசினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உங்க கால்.”

குனிந்து பார்த்தேன். இடது கால் தரையில் இருந்தது. வலது குதிகால் பாதி தூக்கியபடி நின்றது. அடுத்த துண்டுக்காகக் காத்திருந்தது.

வெளியே எடுத்த படங்களில் அது யாருக்கும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சத்தம் படத்தில் போவதில்லை. நான்கு வரி வசனத்தில் அதிகபட்சம் நான்கு மிதி. ஒன்றரைப் பக்கத்துக்கு நான் அரை முழம் நெய்துகொண்டிருந்தேன்.

“அவ்ளோதானா? காலை ஆட்டாம பேசுங்க” என்றார் இன்ஜினியர்.

செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்றேன். திரையில் என் வாய் திறந்தது.

“நான் சண்டைக்கு...”

அதற்குமேல் ஒன்றும் இல்லை. மூளையில் தேடினேன். அது அங்கே இல்லவே இல்லை. கையில் தாளைக் கொடுத்தார்கள். நான் எழுத்துக் கூட்டுவதற்குள் திரையில் இருந்தவன் பாதி பேசி முடித்திருந்தான். மூன்று முறை முயன்றேன். நான்காவது முறை நாக்கு ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். “சார், நீங்க நல்லாத்தான் நடிச்சிருக்கீங்க. குரல் ஜெயபால் சார் பாத்துப்பாரு. எப்பவும் நடக்கறதுதானே.”

எப்பவும் நடக்கறதுதான். “சரிங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வார்த்தை அது. கஸ்தூரி அங்கே இருந்திருந்தால் எனக்காக ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் நூறு மைலுக்கு அந்தப் பக்கம் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒரு குழி இருந்தா பேசிடுவேங்க” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“குழியா?” என்றார் இன்ஜினியர். “மாடில எப்படி சார் குழி தோண்டறது?”

ஒரு காலைத் தூக்கி அந்தரத்தில் மிதித்துக் காட்டினேன். தறிக்குழி என்றேன். தரையில் பட்டால்தானே சத்தம் என்றேன். யாழினி எங்கள் வீட்டில் முக்காலியில் உட்கார்ந்து அந்தக் குழியைப் பார்த்தவர். அவருக்குச் சட்டென்று புரிந்தது. ஆனால் அதற்குள் ஜெயபால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருந்தார்.

கீழே கேன்டீன் கல்லாவில் போட்டிருந்த உயரமான ஸ்டூலைத் தலையில் கவிழ்த்தபடி இரண்டு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. பின்னாலேயே கேன்டீன்காரர், “யோவ், நான் நின்னுகினே சில்லறை குடுக்கணுமா?” என்று கத்திக்கொண்டு வந்தார்.

ஸ்டூல் மேல்

என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மைக்கை உயர்த்தினார்கள். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

இடது காலை அழுத்தினேன். கீழே ஒன்றும் இல்லை. சத்தமும் இல்லை. வார்த்தை வந்தது.

அதற்குப் பிறகு நான் கண்ணாடிப் பக்கம் பார்க்கவில்லை. திரையில் பவர்லூம் தெரு. எனக்குக் கஸ்தூரியின் ராட்டை கேட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஜெயபால் ஓரத்தில் நின்று விரலைத் தூக்குவார். என் வாய் எப்போது திறக்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் விரல் இறங்கும்போது நான் ஆரம்பித்தால் உதடு சரியாக ஒட்டியது.

பன்னிரண்டரைக்குக் கடைசித் துண்டு. அப்பா பேசி முடித்துத் திரும்பப் போகிற இடம். முடித்தேன். திரையில் நான் வசனம் முடிந்தபிறகும் வாயைத் திறந்து மூடினேன்.

“பாத்தீங்களா, அந்தப் பழக்கம்” என்றார் ஜெயபால். “இங்க ஒரு ‘ம்’ போட்டுடுங்க. நான்னா அதான் போடுவேன்.”

“அது ‘ம்’ இல்லீங்க” என்றேன்.

யாழினி மைக்கில் கேட்டார். “அப்ப என்ன சார் சொன்னீங்க? தாள்ல ஒண்ணும் இல்லையே. தறிச் சத்தத்துல எங்களுக்கும் எதுவும் கேக்கல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. தாளில் இல்லாததைப் பேசியது தப்பு. அன்று வசனமெல்லாம் முடிந்து திரும்பும்போது அந்தப் பெண்ணின் வாசலில் காலிக் குடம் ஒன்று கிடந்தது. கலை இயக்குநர் வைத்ததா, அந்த வீட்டுக்காரர் குடமா, தெரியாது. என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

“சொல்லுங்க சார். அப்படியே சொல்லுங்க” என்றார்.

அந்தத் துண்டை மறுபடி ஓட்டினார்கள். ஜெயபாலின் விரல் இறங்கியது.

“தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதா?”

உதட்டில் அப்படியே பொருந்தியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாழினி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் மணியைப் பார்க்கவில்லை. கேன்டீன்காரர் மட்டும், “முடிஞ்சுதா? ஸ்டூல எடுத்துக்கட்டா?” என்றார்.

ஜெயபால் மப்ளரை இறுக்கிக்கொண்டார். “அப்ப அந்தப் பன்னிரண்டு படத்துலயும் நீங்க ஏதோ சொல்லிக்கிட்டுதான் இருந்திருக்கீங்க. நான் இருமிக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார்.

“உங்க வேலைய கெடுத்துட்டேங்க.”

“போங்கண்ணே. சாயந்திரம் ஒரு கார்ட்டூன் படத்துல கரடி, அதுக்கப்புறம் ஒரு மந்திரி. ரெண்டுக்கும் ஒரே குரல்தான் வைக்கப்போறேன்.” படி இறங்கும்போது திரும்பி நின்றார். “ஒண்ணு சொல்லட்டுமா? என் குரலும் உங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.”

“ரொம்ப நல்லா இருந்துதுங்க” என்றேன். அது உண்மை. நான் பேசத் துணியாத காலத்தில் என் வாயைச் சும்மா விடாமல் காப்பாற்றியவர் அவர்.

சுவருக்கு வெளியே

படம் வெளிவர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் எனக்கு நிம்மதி இல்லை. கடைசி நேரத்தில் குரலை மாற்றுவது சினிமாவில் சாதாரணம். யாழினியைப் போனில் கேட்கலாம். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கஸ்தூரி “நான் கேக்கறேன் குடுங்க” என்றாள். வேண்டாம் என்றேன்.

ஆரணியில் மேட்னி ஆட்டம். கஸ்தூரியை வாசலில் இறக்கிவிட்டேன். “நீ போ, வண்டியை வுட்டுட்டு வரேன்” என்றேன். வண்டியை விட்டேன். உள்ளே போகவில்லை. தியேட்டரின் பக்கச் சுவரை ஒட்டி, வண்டி ஸ்டாண்டு கூரையின் நிழலில் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து பாட்டும் சிரிப்பும் கம்பளிக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்துகொண்டிருந்தன.

டோக்கன் கொடுக்கிறவர் ஓர் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நான் நிற்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடைவேளை முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் அடங்கியது.

சன்னமாக, கீச்சென்று, ஒரு குரல் சுவரைத் தாண்டி வந்தது. முகம் இல்லை, கை இல்லை, நடை இல்லை. வெறும் குரல். சண்டைக்கு வரவில்லை என்றது. பஸ் இந்தப் பக்கமாக வந்தது என்றது.

நான் சுவரில் கையை வைத்துக்கொண்டேன்.

டோக்கன்காரர் கடலை உடைப்பதை நிறுத்தியிருந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“படம் இன்னா படம்னு எனக்குத் தெரியாது. உள்ள போயே பாக்கல. நாலு நாளா இந்த ஆளு பேசற எடம் வந்தா மட்டும் கைவேலைய நிறுத்திடறேன். நம்ம ஊரு ஆளு மாதிரியே பேசறான்யா. யாரா இருக்கும்?”

வழக்கமாக நான் சிரித்துவிட்டு நகர்ந்துபோவேன். அன்றும் அதற்குத்தான் திரும்பினேன்.

“நான்தாங்க அது” என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கொஞ்சமும் நம்பவில்லை. மடியில் இருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு, டின்னை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்க, பேசு பாப்போம்.”

பேசினேன்.

எழுதி முடித்தது: ஆவணி மாத அமாவாசை, தறிக்கு விடுமுறை நாள், ஆரணி.